நாற்பது மீட்டர் வட்டம்

நடுகல்லுக்கு முதலில் இருபது மீட்டர்தான் கொடுத்திருந்தேன்.
பாறை சிக்னலைக் குழப்புகிறது,
கல்லுக்கு நேர் முன்னால் நின்றாலும்
மாந்தோப்புக்குள் நிற்பதாகக் காட்டுகிறது போன் என்று
வெயிலில் கறுத்து வந்து சொன்னான் மாதேஷ்.
நாற்பதாக்கினேன்.

வட்டம் வேலியைத் தாண்டி
ராயக்கோட்டை ரோட்டின் தாரில் போய் விழுந்தது.
வரைபடத்தில் ஒரு நகக்கீறல் அளவு. விட்டுவிட்டேன்.

இடது, வலது என்று எழுதக் கூடாது,
ஆட்கள் எந்தப் பக்கமிருந்தும் வருவார்கள்.
"மலையைப் பார்த்து நில்லுங்கள்" என்று தொடங்கினேன்.
குரல் கொடுத்த நசீமா
'வீரன்' என்ற சொல்லில் மட்டும் தணிந்தாள்,
சாவு வீட்டு வாசலில் பேசுகிற மாதிரி.
இன்னொரு டேக் கேட்கவில்லை நான்.

மூன்றாம் வாரம், பதிவில் ஒரு போன்.
திங்கள் முதல் சனி வரை
விடிகாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வட்டத்துக்குள் வருகிறது
நான்கு நொடியில் வெளியேறுகிறது.
'பிழை' என்று குறித்து அனுப்பினேன்.
டீ ஆறுவதற்குள் மாதேஷின் பதில்:
பிழையில்லக்கா. ஓசூர் கம்பெனி பஸ்.

அப்படியானால் யாரோ ஒருவர்
முதல் ஷிஃப்டுக்குப் போகிற வழியில்
தினம் கேட்பது இவ்வளவுதான்:
"மலையைப் பார்த்து நில்லுங்கள். மாடுகளை மீட்கப் போன இவன்…"
ஆப்பை அணைத்திருக்கலாம்.
அணைக்கவில்லை.

வட்டத்தைச் சுருக்கு என்றார்கள் ஆபீஸில்.
ஒரு எண்ணை மாற்றுகிற வேலை.
நான் கதையை நறுக்கினேன்.
ஓடும் வண்டிக்கு மட்டும்,
நாளுக்கு ஒரு துண்டு, துண்டுக்கு நான்கு நொடி.
செவ்வாய்: "மாடுகள் எத்தனையோ. கல்லில் இருப்பது ஒன்று."
புதன்: "இடுப்பில் குறுவாள். உருவவே இல்லை அவன்."
வியாழன்: "மார்பில் மூன்று அம்பு. முதுகில் ஒன்றுமில்லை."
வெள்ளிக்கிழமை பெயர் சொல்ல வேண்டும்.
பெயர் இருந்த வரி தேய்ந்திருக்கிறது.
"மன்னிக்கவும்" என்றே பதிவு செய்தோம்.
ஒத்த ஆளுக்காடி இவ்வளவும், என்றாள் நசீமா
ஹெட்போனைக் கழற்றாமலே.

ஞாயிறு பஸ் கிடையாது.
அதே போன் மாலை நாலேகாலுக்கு
நடக்கிற வேகத்தில் உள்ளே வந்தது.
யாரென்று பார்க்க எனக்கு அனுமதியில்லை.
பதினோரு நிமிடம் அங்கேயே இருந்தது.

முழுக் கதையே இரண்டரை நிமிடம்.
மிச்சத்துக்கு
நான் ஒலி எதுவும் வைத்திருக்கவில்லை.