கோரம்

வெர்னா ஹாக்ஸ்டாடின் குறிப்பேடு
இப்போது என் மேசையில்.
முதல் பக்கம்: 1974 பிப்ரவரி, டுலூத்,
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறை.
ஏரி கல்லாகிக் கிடந்திருக்கிறது.
மடக்கு நாற்காலிகள் பதினொன்று,
அமர்ந்தவர் அத்தனை பேரும்
ஒருகாலத்தில் குடி முழுகிப் போனவர்கள்.
எந்தக் குடி என்று கேட்க வேண்டாம்.
இரண்டும்தான்.

ஆலோசகர் என்ற பெயர் அப்போது இல்லை.
நள்ளிரவில் நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்
ஆஸ்பத்திரிச் சம்பளப் பட்டியலில்
சலவைக்காரருக்கும் கீழே
‘இதர’.

சங்கம் வைத்தார்கள்.
சந்தா ஐந்து டாலர்.
தலைவர் ஓரின் லாஷபெல், இரும்புத் தாது ஏற்றும் துறையில் இருந்தவர்.
பொருளாளராக ஒருவரும் முன்வரவில்லை;
கையில் காசிருந்தால் என்ன ஆகும் என்று
அவரவருக்கு அவரவரைத் தெரியும்.
கடைசியில் போதகரின் மனைவி
காப்பி டப்பாவில் வாங்கி வைத்தாள்.
மூன்றாம் விதி: கோரம் ஏழு.

(ஒரு முடிவு செல்லுபடியாகத் தேவையான தலைகள்.
தமிழில் வேறு பொருளும் உண்டு.
அதுவும் அங்கே வந்து போகும்.)

பிறகு பட்டம் வாங்கியவர்கள் வந்தார்கள்.
‘விழுந்தவனுக்குத்தான் கிணற்றின் ஆழம் தெரியும்.’
‘ஆழம் தெரியும், கயிறு திரிக்கத் தெரியுமா?’
இரண்டையும் அப்படியே எழுதிய வெர்னா
அடியில் சேர்த்தாள்:
காப்பி தீர்ந்தது, மணி 9.40.

1981 மார்ச். பனிப்புயல்.
பொருள்: மறுபடி குடித்துவிட்ட ஆலோசகர்
எத்தனை காலம் விலகி நிற்க வேண்டும்?
வந்தவர்கள் ஆறு பேர்.
தலைவர் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.
யாரும் சொல்லவில்லை.
வெர்னா கோட்டை மாட்டினாள்.
‘ஏழாவது ஆள் நாலு தெரு தள்ளி இருக்கிறார்.’

கூட்டம் ஆஸ்பத்திரி மூன்றாம் மாடிக்கு,
நச்சு நீக்கப் பிரிவின் நடைக்கு மாற்றப்பட்டது.
ஓரின் வந்தார், போர்வையோடு,
சொட்டு மருந்துக் கம்பியை உருட்டிக்கொண்டு.
ஆறு மாதம் என்றவர்கள் மூன்று பேர்.
இரண்டு வருடம் என்றவர்கள் மூன்று பேர்.
ஊசி குத்திய கையையே தூக்கினார்:
‘இரண்டு வருடம்.’

நான்குக்கு மூன்று. நிறைவேறியது.
தலைவர் பதவி காலி.
அதற்கடுத்த வரி:
திரு. லாஷபெல்லுக்குக் காலுறை ஒரு ஜோடி,
ஒரு டாலர் எழுபத்தைந்து சென்ட். ஆட்சேபணை இல்லை.

இரண்டு வருடமும் ஒன்பது நாளும் கழித்து
தானே எழுதிக்கொடுத்திருந்த கேள்வித்தாளுக்கு
முன்னால் உட்கார்ந்தார்.
பதினான்காவது கேள்வி தவறு.
வெர்னா மார்க்கைக் குறைத்தாள்.
சான்றிதழ் எண் முப்பத்தொன்று.

என் எண் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு.
நான் படித்து வந்தவள்; குடித்ததில்லை.
ஆண்டுதோறும் புதுப்பிக்கும் படிவத்தில்
‘கடந்த இரண்டு வருடங்களில்’ என்று தொடங்கும் ஒரு கேள்வி,
பக்கத்தில் நகக்கண் அளவு ஒரு கட்டம்.
‘இல்லை’ போட எனக்கு அரை நொடி.

இந்த வருடம் கொஞ்சம் கூடுதலாக ஆனது.
கட்டத்துக்குள் யாரோ
வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.