விருந்தும் மருந்தும்

ஆகஸ்டு. துக்குமான் நகரம்.
ஊருக்கு வெளியே கரும்புச் சருகைக் கொளுத்துகிறார்கள்.
கொடியில் காயும் வெள்ளை அங்கியின் மேல்
கரித்தூள் மெல்ல இறங்குகிறது.
உதறினால் அப்பிக்கொள்ளும்.
நொயெமி ஊதுவாள்.

ஊரே இருமுகிற மாதம்.
பேருந்தில் இருமல், வங்கி வரிசையில் இருமல்,
பிள்ளைகள் ஆஸ்பத்திரியில்
கட்டிலுக்கு இரண்டு இருமல்.

மூன்றாம் மாடி.
சன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்த அறை.
பூச்சியத்துக்கு எண்பது படி கீழே இறங்கி
ஒரு குப்பியை எடுத்து வருகிறாள்.
மூடியில் அவள் கையெழுத்துதான், மை வெளுத்து:
417.

சாது.
பாலைப் புளிக்கவைக்கும். வேறு தொழில் தெரியாது.
அதன் மேல் இப்போது
நிமோனியாக் கிருமியின் தோலிலிருந்து
ஒரே ஒரு புரதம்.
திருடனின் சட்டையைத்
தயிர்க்காரிக்கு மாட்டிவிட்டு
வாசல் வழியே நடக்கவிடுவது.
காவல்காரன் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்
பித்தானை, கழுத்துப்பட்டியை, கக்கத்துக் கிழிசலை.

"மூக்கு வழியாக வருகிறவனுக்குத்
தோளில் ஏன் பூட்டு?"
மானிய விண்ணப்பத்தில் ஒருமுறை எழுதினாள்.
துறைத்தலைவர் ஒசுவால்தோ
சிவப்பு மையில் அடித்தார்:
இது கவிதை இல்லை, அம்மணி.

எலியின் மூக்குக்கு ஒரு துளி.
தும்மினால் மறுபடி.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
417 இரண்டும்தான்.
நான்காம் நாள் மூக்கைக் கழுவிப் பார்த்தாள்:
ஒன்றுகூட இல்லை.
சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தது.
சளியில் மட்டும் ஏதோ விழித்திருந்தது.

ஐந்து வாரம் கழித்து நிஜத் திருடனை விட்டார்கள்.
பன்னிரண்டில் ஒன்பது
காலையில் தீனிக்குச் சண்டை போட்டன.
மூன்றைக் காகிதத்தில் சுற்றினாள்.
மூன்று என்றும் எழுதினாள்.

கதவு தட்டும் ஓசை.
உலர்பனிப் பெட்டியோடு ஒரு பையன்,
கக்கத்தில் ஹெல்மெட், காலில் சேறு.
ரசீதில் கிறுக்குகிறான்: இலாரியோ பார்ரோஸா.
நிமிர்ந்து சுற்றிப் பார்க்கிறான்.
"இந்தக் கட்டடம்தானா?
கைக்குழந்தையில் என் அணையாடையை
இங்கேயிருந்து வந்து கேட்டு வாங்கிப் போனார்களாம்.
அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்."

குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவு:
ஆண், நாற்பது நாள், தாய்ப்பால் மட்டும், ஆரோக்கியம்.
பெயர் எழுதக் கூடாது. எழுதவில்லை.
யெர்பா புவேனாவுக்கு அப்பால், நாய் கட்டிய வீட்டில்,
தூக்கமில்லாத ஒருத்தி மூக்கைப் பிடித்தபடி
பொட்டலத்தை நீட்டியது மட்டும்
எழுதாமலே இருக்கிறது.

"நிறையப் பேரிடம் வாங்கினோம்," என்கிறாள் நொயெமி.
"என்ன செய்தீர்கள் அதை?"
"தயிர் மாதிரி."
முகம் சுளிக்கிறான். சிரிக்கிறான்.
சிரிப்பு இருமலில் போய் முட்டுகிறது,
நெஞ்சின் அடியிலிருந்து வரும் இருமல்.

பத்தொன்பது வருடம்
குப்பிக்குள் உறைந்து கிடந்தது வளரவே இல்லை.
இவன் வளர்ந்து, மீசை வைத்து,
சாம்பலுக்குள் வண்டியோட்டிப் பிழைக்கிறான்.
அவனிடமிருந்து வந்ததை அவனுக்கே தர
இன்னும் எத்தனை எலி, எத்தனை கையெழுத்து,
எந்த அரசாங்கத்தின் எந்தப் பணம்.

ஈரத்துணியிலிருந்து ஒரு துண்டு கிழித்து நீட்டுகிறாள்.
"மூக்கில் கட்டிக்கொள்."
"பெண்கள் பார்ப்பார்களே," என்கிறான்.
வாங்கிப் பையில் செருகுகிறான்.

கீழே வண்டியை உதைக்கிறான்.
கிளம்பவில்லை.
நடுவில் ஒரு இருமல்.
மறுபடி உதைக்கிறான்.