தொடர்ச்சி 37ஆம் பக்கம்

பறவைக் காய்ச்சல் பரவிய மாதம்.
புளியரைச் சோதனைச் சாவடியில்
எனக்கு இரவுப் பணி.
மலையிறங்கி வரும் வண்டிகளின்
சக்கரங்களுக்கு மருந்தடிக்க வேண்டும்.

புனலூரிலிருந்து திரும்பிய லாரியில்
காலி முட்டைத் தட்டுகள்.
இடையில் செருகியிருந்த பழைய பத்திரிகைத் தாளில்
கடனாநதியாரின் பெயர்.

கல்லூரியில் எங்களை வதைத்த மனிதர்.
தொள்ளாயிரம் பக்கம், ஒரே கோட்டை முற்றுகை.
யானை வந்தாலே நாலு பக்கம் தள்ளிவிடுவேன்.
நோட்ஸை வைத்தே அறுபத்தொன்று வாங்கினேன்.

இதில் யானை இல்லை.
நாற்காலியில் அடைக்கு உட்கார்ந்த கோழியை
எழுப்ப மனம் வராமல்
மூன்று வாரம் நின்றுகொண்டே எழுதியிருக்கிறார்.
'இருபதாம் நாள் மாலை
ஓட்டுக்குள்ளிருந்து தட்டும் சத்தம்.
பேனாவை மூடினேன். அப்போது'

தொடர்ச்சி 37ஆம் பக்கம்.

டார்ச் அடித்துத் தட்டுத் தட்டாய்ப் பிரித்தேன்.
சமையல் குறிப்பு, ராசிபலன், பாதி நடிகை.
"எந்தா மேடம், அசுகம் உண்டோ?"
ஷைஜு இறங்கி வந்தான்.
"ஒரு கடலாசு காணோம்" என்றேன்.
பதறிப்போய் பெர்மிட்டை நீட்டினான்.
பின்னால் ஆறு வண்டிகள் ஹாரன் அடித்தன.

பணி முடிந்து, உடுப்பில் மருந்து நாற்றத்தோடு
செங்கோட்டை நூலகம் திறக்கக் காத்திருந்தேன்.
37 அங்கே இல்லை.
அந்தத் தடிப்புத்தகம்தான் இருந்தது.
நான் தள்ளிவிட்ட பக்கங்களில் ஒன்று:

மதில் இடிந்து விழும் இரவில்
பெயரில்லாத ஒருத்தி
முந்தானையை ஏந்திக்கொண்டு
யானைக் கால்களுக்கிடையே குனிந்து
பா பா பா என்று
கூப்பிட்டுக்கொண்டே போகிறாள்.