கத்தி மறுக்கும் இடம்வரை

கட்டிலிலிருந்து கால் இறக்கியபோது
தரை கொஞ்சம் யோசித்தது.
ரொட்டியின் நடுவில் விரலை அழுத்தினால்
உள்வாங்கி, மெதுவாக மேலே வருமே,
அப்படி.

வில்லப்பா வளைகுடாவில் நவம்பர்.
மழை பெய்கிறதென்று இங்கே யாரும் சொல்வதில்லை.
பெய்யாத நாளைத்தான் சொல்வார்கள்.
பொத்தானை அழுத்தினால்
மேசை இழுப்பறைபோல் வண்டியின் விலாவிலிருந்து
வெளியே நீளும் அறை இது:
ஒரு கட்டில், ஒரு ஜன்னல், அவற்றைத் தாங்கும் தரை.

சிப்பி திறக்கும் கத்தியை எடுத்தேன்.
பகலெல்லாம் கொட்டகையில்
ஓடுகளின் கீல் தேடும் கத்தி.
லினோலியத்தின் ஓரத்தை நெம்பிக் குத்தினேன்.
மரத்தூள் பலகைக்குள் பிடிவரை இறங்கியது,
சத்தமே இல்லாமல்.
சிப்பிகூட இதைவிட எதிர்க்கும்.

விற்றவள் மேரிபெத் டுன்ஸ்டாட்.
"அப்பாவின் வண்டி. ஒழுகவே ஒழுகாது.
போன வருஷம்தான் புதுத் தரை போட்டோம்."
பாதி உண்மை.
தரை புதிதுதான்.

முழுவதும் உரித்ததும் பென்சில் கோடு தெரிந்தது.
கறுத்த ஈரத்தைச் சுற்றி உள்ளங்கையளவு வட்டம்,
பக்கத்தில் 'மார்ச்'.
அதற்கு வெளியே சாப்பாட்டுத் தட்டளவு இன்னொன்று,
'செப்டம்பர்'.
மூன்றாவது வட்டமாக இல்லை.
கட்டில் கால்வரை இழுபட்டுச் சுவருக்குள் போய்விட்டது.
அதற்கு மாதம் எழுதவில்லை.

மரக்கட்டை லாரி ஓட்டிய ஓர்வில் டுன்ஸ்டாட்
இங்கேதான் முட்டி போட்டிருக்கிறார்,
காதில் பென்சிலோடு,
காய்ச்சல் குறித்துவைக்கும் நர்ஸ்போல.
அப்புறம் பூசி மெழுகியது அவரா, மகளா?
பசையில் கையெழுத்து இருப்பதில்லை.

காரணம் வெளியே இருந்தது.
கூரையில் விழுவது சுவரில் இறங்கி
பலகையின் வெட்டு விளிம்பில் திரும்பி
அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு
தலைகீழாக உள்ளே நடந்துவருகிறது.
தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகும் என்று
யாரோ அதனிடம் சொல்ல மறந்துவிட்டார்கள்.
ரப்பர் பட்டையின் உதடு உள்பக்கம் மடிந்திருந்தது.
அதன்மேல் சிலிக்கானை அப்பி,
நீர் வெளியேறும் துளையையும் சேர்த்து
அடைத்திருந்தது ஓர் அக்கறையுள்ள கை.

கத்தி மறுக்கும் இடம்வரை அறுத்தேன்.
நினைத்ததைவிட இரண்டடி அதிகம்.
வட்டங்கள் இருந்த துண்டைக் குப்பையில் போட்டேன்.
மேரிபெத்துக்குப் போன் செய்யலாமா,
அப்பாவின் எழுத்து வேண்டுமா என்று கேட்கலாமா?
திரும்ப எடுத்தபோது
கையோடு உதிர்ந்தது செப்டம்பர்.

ஒன்பது நாள் மின்விசிறி.
ஒன்பது நாள் சமையலறை பெஞ்சில் தூக்கம்.
அடுத்த வண்டி ஹ்யால்மர்
படகுக்கு வாங்கி மிஞ்சிய ஒட்டுப்பலகை தந்தார்.
ஆலோசனையும் தந்தார், பலகையைவிட நீளமாக.
வெட்டு முனைகளுக்கு எபாக்சி மூன்று பூச்சு,
குடிக்கக் குடிக்கக் கேட்டது மரம்.
விளிம்பில் அலுமினியத் தகடு,
நீர் பிடிவிட்டு விழுவதற்கு ஒரு மூக்கு.
அறையின் வெளிமுனையைக் கால் அங்குலம் தாழ்த்தினேன்.
முட்டையை வைத்தால் ஜன்னல் பக்கம் உருளும்.

வெளியே ஹ்யால்மர், ஹோஸ் பைப்போடு.
உள்ளே நான், டார்ச்சோடு, வயிற்றில் படுத்து.
"வருதா?"
"இல்ல."
"இப்போ?"
"இல்ல."
"இப்போ?"
வந்தது.
ஒரே ஒரு துளி,
நானே துளையிட்டு நானே முடுக்கிய திருகின் வழியாக.
ஹ்யால்மர் சிரிக்கவில்லை. அதற்காகவே
அன்றிரவு அவருக்குச் சிப்பி வறுத்துக் கொடுத்தேன்.

திருகைப் பிடுங்கி, துளையில் பசை நிரப்பி, மறுபடி.
மறுபடி ஹோஸ். மறுபடி "வருதா".

லினோலியத்தைத் திரும்ப ஒட்டினேன்,
கட்டிலோர மூலையை மட்டும் விட்டுவிட்டு.
காய்ந்த நாக்குபோல் அது தூக்கிக்கொண்டு நிற்கிறது.
இருட்டில் இரண்டு தடவை தடுக்கிவிட்டது.

வளைகுடாவில் ஓதம் ஏறும் இரவுகளில்
அந்த மூலையைத் தூக்கி
கத்தியின் முனையால் தட்டிப் பார்க்கிறேன்.
பென்சில், கைக்கெட்டும் இழுப்பறையில்.
மழைக்காலம் முடிய இன்னும் நான்கு மாதம்.

டொக்.
இதுவரை, டொக்.