குறிப்பு என்ற கட்டம்

பூளவாடிக்குத் தெற்கே
நாற்பத்தேழாம் நம்பர் காற்றாலைக்கு
ஒரு பதிவேடு உண்டு.
தேதி, காற்றின் வேகம், உற்பத்தியான யூனிட்,
நின்ற நேரம், நின்ற காரணம்.
கடைசியில் விரல் அகலத்துக்குக்
'குறிப்பு' என்று ஒரு கட்டம்.
கிரீஸ் மாற்றினால் எழுதலாம்.
பாம்பு வந்தால் எழுதலாம்.

ஒன்பது வருடங்களாக
ஏதோ ஒருநாள் அதில் எழுதுகிறேன்:
'குருவி வந்தது.'

நாணல் கதிர்க்குருவி என்று பெயர்.
இங்கே நாணலும் இல்லை,
நாணல் நனையத் தண்ணீரும் இல்லை.
துளசிமணி அக்காவின் கொரங்காட்டைச் சுற்றிய
கிளுவை வேலிதான் அதற்கு ஆறு, கரை எல்லாம்.
கண்ணில் படாது.
முள்ளுக்குள் இருந்துகொண்டு
'டக்... டக்' என்னும்,
கூழாங்கல்லைக் கூழாங்கல்லால் தட்டினாற்போல.

ஆடியில் வந்தால் என் காதுக்கு எட்டியிருக்காது.
பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்று
மூன்று இறக்கையையும் பிடித்துச் சுழற்றும்.
கதவு அடிக்கும், டீ கிளாஸில் மண் விழும்,
கம்பெனிக்கு லாபம்.
அந்தக் காற்று ஓய்ந்து,
கொண்டை தானாகத் திரும்பி
வடகிழக்கு பார்த்து நிற்கும் ஒரு காலையில்
முதல் டக் கேட்கும்.

பனி பெய்யும் ஏதோ தேசத்தில்
பகல் குறுகுவதைப் பார்த்து அது கிளம்புகிறது.
கிளுவைக்குப் பகல் கணக்கு தெரியாது.
மழை தொட்டால் தளிர்க்கும்.
தளிருக்குப் புழு, புழுவுக்குக் குருவி.
இருவரும் ஒரே வாரத்தில் சந்தித்ததற்கு
முதல் மூன்று வருடப் பக்கங்களில்
என் கோணல் கையெழுத்து சாட்சி.

பிறகு தேதிகள் நழுவின.
ஒரு வருடம் ஐப்பசி பிறந்தும் மேல்காற்று போகவில்லை.
எதிர்காற்றில் எங்கே மாட்டிக்கொண்டதோ,
பதினேழு நாள் தாமதம்.
ஒரு வருடம் மழை ஆவணியிலேயே கொட்டித் தீர்த்து
தளிர் முற்றிப் பழுத்தபின் வந்தது.
போன வருடம் நாள் தவறாமல் வந்தது.
மழைதான் வரவில்லை.

வேலி முழுக்கக் குச்சி.
முள்ளை எண்ணிவிடலாம்.
அதற்குள் டக்... டக்.
முதல்முறையாக அதைக் கண்ணால் பார்த்தேன்,
மறைய இலை இல்லாததால்.
அக்கா செம்மறிகளை லாரியில் ஏற்றி
ஆனைமலை அடிவாரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.
"ஏனுங் தம்பி, ஆட்டுக்கு லாரி இருக்குது.
அதுக்கு?"

எட்டாம் நாள் கோபுரத்தடியில் கிடந்தது.
இறக்கை அடித்ததா, பசியா?
'நின்ற காரணம்' என்ற கட்டம்
இயந்திரத்துக்கு மட்டும்.
கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய்
மூலனூர் முருங்கை மண்டித் தராசில் வைத்தேன்.
நூறு கிலோ பார்க்கும் எலக்ட்ரானிக் தராசு.
சிவப்பு எண்கள் நடுங்கக்கூட இல்லை.
பூஜ்ஜியம்.
"எதையோ வைக்க மறந்துட்டீங்க" என்றான்
நாச்சிமுத்து, தலை நிமிராமல்.

பங்குனியில் தணிக்கைக்கு வந்தவர்
அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.
"இதுக்கும் உற்பத்திக்கும் என்ன சம்பந்தம்?"
"காத்து திரும்புன தேதிங்க."
யோசித்துவிட்டுப் பச்சை மையில் டிக் அடித்தார்.
நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

இன்று புரட்டாசி இருபத்தி நாலு.
காற்றின் வேகம் இரண்டரை. இறக்கை நிற்கிறது.
முந்தாநாள் தூறலுக்குக்
கிளுவையில் கடுகளவு பச்சை.
கட்டம் காலி.
பொழுது இறங்கும் நேரம்,
டிரான்ஸ்பார்மர் பெட்டியின் தகரம் சூடு ஆறி
'டக்' என்றது.
பேனாவோடு வாசல்வரை போய்விட்டேன்.