மூவாயிரத்து நானூறு

கத்திரி தொடங்கி நாலாம் நாள்
ஒரு செருமல் செருமிவிட்டு பிரிட்ஜ் நின்றது.
பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் செய்யது மசூது
பின்பக்கம் குனிந்து, தட்டி, நிமிர்ந்து,
"கம்ப்ரசர் போச்சுக்கா. மூவாயிரத்து நானூறு" என்றான்.
ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

கதவைத் திறந்து ஒவ்வொன்றாய் வெளியே வைத்தேன்.
மூன்று கிண்ணத்தில் மூன்று நாள் சாம்பார்.
எந்தச் செவ்வாய்க்கிழமையோ தெரியாத புளிக்குழம்பு.
பைக்குள்ளே கறுத்துக் கூழாகிவிட்ட மல்லித்தழை.
சொதிக்கென்று உடைத்து,
சொதியே வைக்காமல் பூசணம் பூத்த தேங்காய்மூடி.
நயினார்குளம் சந்தையில் மலிவென்று
இவர் அள்ளி வந்த மூன்று கிலோ கத்தரிக்காயில்
இரண்டு கிலோ.

எல்லாம் என்றோ குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை.
நாங்கள்தான் வாய்தா வாங்கி வாங்கி
உள்ளே வைத்திருந்தோம்.
(இவர் பாளையங்கோட்டை கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்.)

காலையில் பச்சை வாளியைத் தூக்கிப் பார்த்து
மாநகராட்சி உலகம்மா கேட்டாள்:
"என்னக்கா, வீட்ல விசேஷமா?"

அதன்பிறகு தச்சநல்லூர் முக்கில்
கால் கிலோ வெண்டைக்காய், நாலு தக்காளி.
கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் வாங்கப் பழகினேன்.
மிஞ்சிய குழம்புகள் ஒரே சட்டியில் சுண்டின.
மிஞ்சிய சோறு தண்ணீருக்குள் உறங்கி
காலையில் சின்ன வெங்காயத்தோடு எழுந்தது.
பால் இரண்டு தடவை திரிந்தது.
ஒருநாள் ரசம் நுரைத்து, கொட்டத்தான் கொட்டினேன்.

இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டிராத கேள்வியைச்
சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட்கத் தொடங்கினேன்:
ராத்திரி யாருக்கெல்லாம் சோறு?
"இருக்கும்" என்பார். "பார்ப்போம்" என்பாள் மகள்.
பார்ப்போம் என்பதற்கு எத்தனை ஆழாக்கு?

யாருக்கோ பிரிவுபசாரமென்று
பஜ்ஜியும் கேசரியும் தின்றுவிட்டு வந்து
"பசியில்லை" என்றார் ஒரு வெள்ளிக்கிழமை.
அன்று நடந்த சண்டை
எதிர்வீட்டு டிவியை நிறுத்தி வைத்துக் கேட்கும்படி இருந்தது.
மறுநாளிலிருந்து மூன்று மணிக்கே போன் வருகிறது:
"எனக்கு ரெண்டு தோசை. ரெண்டே ரெண்டு."

காலண்டர் தாளின் முதுகில் கூட்டிப் போட்டேன்.
முதல் மாதம் தொள்ளாயிரத்து நாற்பது.
அடுத்து ஆயிரத்து நூற்றெண்பது.
அதற்கடுத்து ஆயிரத்து முந்நூறு.
கரண்டு பில்லில் குறைந்ததை
இதில் சேர்க்கவில்லை.

உலகம்மா வாளியைக் கையில் எடை பார்த்தாள்.
"ஊர்ல இல்லியாக்கா?"

ஆடிச் சாரல் காற்று தச்சநல்லூர் வரைக்கும் வந்துவிட்டது.
பிரிட்ஜுக்குள் இப்போது சின்னவளின் பாடப்புத்தகங்கள்;
கரையான் ஏறாதாம்.
முட்டைக்குழிகளில் அழிரப்பரும் பென்சில் சீவியும்.

இன்று மசூது கூப்பிட்டான்.
"அக்கா, கம்ப்ரசர் வந்திருக்கு. மாட்டிரட்டா?"

அரிசி டின்னுக்குள் கையை விட்டு எண்ணினேன்.
சரியாக இருந்தது. இருபது ரூபாய் கூடவே இருந்தது.
போனைப் பொத்திக்கொண்டு இவரைப் பார்த்தேன்.

தட்டில் கடைசிப் பருக்கையைத் துரத்திக்கொண்டே
நிமிராமல் சொன்னார்:
"வாய்தா கேளு."