மேல்வரி

பாலக்கோட்டில் கரண்ட் போனால்
தக்காளி மண்டியில் ஏலம் விடும் குரல்
என் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
கரண்ட் வந்ததும்
கம்ப்யூட்டர் நீலமாய் விழித்துக் கேட்கும்:
விண்டோஸ் பத்தா?
விண்டோஸ் பத்தா?
முப்பது நொடி, அதற்குள் சொல்.

மேல்வரி செத்தது.
போன ஆடியில் பழையது படுத்துக்கொண்டபோது
கெம்பராஜ் வந்து அடுத்த அறையில் புதிதைக் குடிவைத்தான்,
பழைய அறையைத் துடைத்தான்,
வாசல் பலகையை மட்டும் கழற்றாமல் போய்விட்டான்.
"ஒண்ணும் பண்ணாதுக்கா, கீழதை அமுக்கிக்க."
அமுக்கிக்கொண்டேன் எட்டு மாதம்.
டீக்கடைக்குப் போயிருந்தால்
அதுவாக மேல்வரிக்குள் நுழைந்து
கோப்பைக் காணோம் என்று எழுதிக்காட்டும்.
வரிசையில் நிற்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள்,
கோப்பைத் தொலைத்தவள் நான் என்பதுபோல.

இன்று வரிசையில் சென்னம்மா.
மாரண்டஅள்ளிப் பக்கம் சாமந்தி பறிக்கிறவள்,
நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.
ரேசன் கார்டில் ஒரு பேரை எடுக்கணும் என்றாள்.
யாரு?
"வீட்டுக்காரன்."
இறப்புச் சான்று இருக்குதா?
"சாவலீங்க. பெங்களூர்ல கம்பி கட்டறான்.
ஆறு வருசமாச்சு.
அங்க ஒருத்தி, ஒரு பையன்."

காரணம் கேட்கும் பெட்டியைத் திறந்தேன்.
இறப்பு, திருமணம், தனி அட்டை...
உருட்டி உருட்டிக் கீழே போனேன்.
அவள் காரணம் எந்த வரியிலும் இல்லை.
அவர் பேருக்கு வர்ற அரிசி நின்னுடுமே?
"நிக்கட்டுங்க. மாசாமாசம் கடைக்காரரு
நாலு பேருன்னு சத்தமாப் படிக்கிறாரு.
எடுத்துட்டு வான்னு அனுப்புனதே
அவனைப் பெத்தவதான்."

அப்போது போயிற்று கரண்ட்.
யூபிஎஸ் பேட்டரியும் ஆடியோடு போனதுதான்.

திரும்ப வந்தபோது
இரண்டு வரியையும் எட்டிப் பார்த்தாள்.
இங்கிலீஷ் தெரியாது. உருவம் தெரிந்தது.
"ரெண்டும் ஒரே எழுத்தா இருக்குது. எது நெசம்?"
கீழ இருக்கறது.
"மேல இருக்கறது?"
பேரு மட்டும்.
"அப்புறம் எதுக்குங்க வெச்சிருக்கீங்க?"

பயம்தான், வேறென்ன.
ஒரே பெயரில் இரண்டு இருக்கும்போது
கை தவறி உயிருள்ளதை அழித்துவிட்டால்
பாலக்கோட்டுப் பட்டா சிட்டா பாதி
எனக்குள்ளேயே புதைந்துவிடும்.
சொல்லவில்லை. எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டினேன்.
பூட் என்ற பக்கத்தில் அதே இரண்டு வரி.
ஒன்றின் பக்கத்தில் மட்டும்
'இப்போது ஓடுவது' என்று பொடி எழுத்து.
சோதித்துப் பார்க்க அதைத் தொட்டேன்,
நீக்கு பொத்தான் சாம்பல் பூத்துக்கொண்டது.
நிற்கிற கிளையை வெட்ட விடாது போல.
மற்றதைத் தொட்டேன்.
பொத்தான் கறுத்தது.
அமுக்கினேன்.

ஆதார் கேட்கவில்லை.
கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துக் கேட்கவில்லை.
அங்கே யாராவது இருக்கிறார்களா என்றுகூட.

"அவ்ளோதானா?"
அவ்ளோதான்.
"உள்ள இருந்த சாமானெல்லாம்?"
அதெல்லாம் ஆடியிலயே போயிடுச்சு சென்னம்மா.
இது பலகை.

அணைத்துப் போட்டேன்.
ஒன்றும் கேட்காமல் நேரே திறந்தது.
ஒரு எம்பி இடம்கூடக் கூடவில்லை.
சென்னம்மாதான் முதலில் சிரித்தாள்,
ஏதோ அவளே அழித்ததுபோல.

பிறகு அவள் விண்ணப்பம்.
வெள்ளைத்தாளில் அவள் சொல்லச்சொல்ல எழுதி,
கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து,
'இதர' என்ற வரியில் ஏற்றினேன்.
சுருட்டிய நோட்டுகளை எண்ணிவைத்தாள்.
எடுத்து முகர்ந்தால் சாமந்தி.

சாயங்காலம் கடை சாத்துமுன்
அவள் எண்ணைப் போட்டுப் பார்த்தேன்.
நிலை: நிலுவையில்.
உறுப்பினர்கள்: நான்கு.
மேல்வரியில் அவன் பெயர்,
குடும்பத் தலைவர் என்று.